எழுத்து ஒப்புமை வினாக்களில் விதியைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ் வழியில் படித்த ஒருவர், ரீசனிங் (தர்க்கத் திறன்) தேர்வில் வரும் ஆங்கில எழுத்து ஒப்புமை வினாக்களை விரைவாகவும் பிழையின்றியும் தீர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை முடித்து மாலையில் கோபிசெட்டிபாளையம் திரும்பும் இளைஞர்கள் சிலருக்கு இப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் இரண்டு எழுத்துத் தொகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, அதே தொடர்பை மூன்றாவதற்கும் பொருத்தி, கேள்விக்குறி உள்ள இடத்தை நிரப்புவதுதான் எழுத்து ஒப்புமை வினா.

முதல் தடங்கல் எழுத்துகளின் வரிசை எண். ‘ஆர்’ எத்தனையாவது எழுத்து என்று கேட்டதும் ‘ஏ’ முதல் முணுமுணுத்து எண்ணத் தொடங்குபவருக்கு நேரம் அங்கேயே கரைந்துவிடும். மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் 60 நிமிடங்களில் 100 வினாக்கள். சராசரியாக ஒன்றுக்கு 36 நொடிதான் கிடைக்கிறது. ஆகவே இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25 என்ற ஐந்தையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக எண்ணிப் பழகுங்கள். பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டியின் எண் பலகையில் டி.என். 36 என்ற எங்கள் பகுதிப் பதிவுக் குறிக்கு அடுத்து இருக்கும் எழுத்துகளை எண்களாக மாற்றிப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி.

இனி விதிக்கு வருவோம். ‘சி எஃப் ஐ : இ ஹெச் கே :: ஜி ஜே எம் : ?’ என்ற வினாவில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு இடம் முன்னேறுகிறது. விடை ‘ஐ எல் ஓ’. இதில் யாரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் இப்படிப்பட்ட வினாவில்தான் வரும்: ‘ஹெச் எல் : எஸ் ஓ :: எஃப் ஐ : ?’. வேறுபாட்டை மட்டும் பார்ப்பவர் ஹெச்சிலிருந்து எஸ்ஸுக்கு 11, எல்லிலிருந்து ஓ-வுக்கு 3 என்று கண்டு, அதே எண்களைக் கூட்டி ‘க்யூ எல்’ என்று விடையளிப்பார். ஆனால் ஹெச் 8, எஸ் 19. எல் 12, ஓ 15. இரு இணைகளின் கூட்டுத்தொகையும் 27. அதாவது, முன்னிருந்து எண்ணினால் ஓர் எழுத்து எந்த இடத்தில் நிற்கிறதோ, பின்னிருந்து எண்ணினால் அதே இடத்தில் நிற்கும் எழுத்து அதற்கு எதிரெழுத்தாக வந்திருக்கிறது. அவ்வழியில் விடை ‘யூ ஆர்’. இரண்டு விடைகளுமே தெரிவுகளில் இருந்தால் என்ன செய்வது? எந்த இரண்டு எழுத்துகளுக்கு இடையிலும் ஏதோ ஒரு வேறுபாடு இருந்தே தீரும் என்பதால், வேறுபாட்டு விதி எந்த இணைக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். அது பொருந்திவிட்டது என்பது மட்டுமே சான்றாகாது. 11, 3 போல ஒன்றோடொன்று தொடர்பில்லாத எண்கள் கிடைத்தால் உடனே 27-ஐச் சோதித்துப் பாருங்கள். எல்லா எழுத்துகளையும் ஒரே கூற்றில் விளக்கும் விதியையே நான் எப்போதும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

வேறுபாடுகள் ஒரே அளவில் இறங்கிக்கொண்டே போனால் தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஜி ஐ கே : எல் ஜே ஹெச்’ என்பதில் வேறுபாடு +5, +1, −3. முதல் தொகுதியைத் திருப்பி ‘கே ஐ ஜி’ என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கூட்டினால் இரண்டாவது தொகுதி வந்துவிடுகிறது. எந்த வினாவிலும், ஓர் எழுத்தின் எண்ணோடு நகரும் இடங்களைக் கூட்டும்போது 26-ஐத் தாண்டினால் 26-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்: எக்ஸ் 24, அதனுடன் 5 சேர்த்தால் 29, கழித்தால் 3, எனவே ‘சி’. ஆங்கில உயிரெழுத்துகளுக்கு (ஏ, இ, ஐ, ஓ, யூ) மட்டும் தனி விதி வைக்கும் வினாக்களும் உண்டு. அவை பார்த்ததுமே பிடிபடும்.

இவை எதற்கும் பிடிகொடுக்காத வினாவை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காமல் கடந்துவிடுங்கள். மேலே சொன்ன எஸ்.எஸ்.சி. முதற்கட்டத் தேர்வில் தவறான விடைக்கு 0.50 மதிப்பெண் கழிகிறது. தேர்வறையில் வெற்றுத்தாள் கையில் கிடைத்ததும், ஏ முதல் எம் வரை ஒரு வரியாகவும், அதன்கீழ் இஸட் முதல் என் வரை பின்னோக்கி மறு வரியாகவும் எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வோர் எழுத்துக்கும் எதிரெழுத்து நேர் கீழேயோ நேர் மேலேயோ இருக்கும்.