ஸ்டீம் டேபிளில் 100 டிகிரிக்கு 1.0133 பாரா, 1.0142 பாரா?

கேள்வி: பழைய ஸ்டீம் டேபிளில் (நீர், நீராவியின் அழுத்தம், வெப்பநிலை, வெப்ப அளவுகளைத் தரும் அட்டவணையில்) 100 டிகிரி செல்சியஸுக்கு நேரே 1.0133 பார் என்றும் புதியதில் 1.0142 பார் என்றும் இருக்கிறது. எது அச்சுப்பிழை?

இரண்டுமே இல்லை. மாறியது நீராவியல்ல, வெப்பநிலை அளவுகோல். முன்பெல்லாம் 1.01325 பார் அழுத்தத்தில் நீர் கொதிக்கும் புள்ளிக்கே 100 டிகிரி என்று பெயர். 1990-இல் வந்த சர்வதேச அளவுகோல் அந்தப் புள்ளியைக் கைவிட்டது. அதன்படி அதே அழுத்தத்தில் நீர் 99.974 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. 100-ஐத் தொட இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். அந்தக் 'கொஞ்சம்'தான் உங்கள் 1.0142.

இதைவிடப் பெரிய குழப்பமெல்லாம் முன்பு இருந்தது. 1847-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ரெக்னோ வெளியிட்ட அளவீடுகள் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. பிறகு மோலியர், கேலண்டர், மார்க்ஸ்–டேவிஸ் (1909) என்று ஆளுக்கொரு அட்டவணை. பாய்லர் அழுத்தம் ஏற ஏற அவற்றின் எண்கள் விலகின. டேபிளை மாற்றினால் அதே டர்பைனின் திறன் மாறும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேறென்ன வேண்டும், சண்டை போட?

1929-இல் லண்டனில் கூடிய மாநாடு இதற்கு ஒரு வழி கண்டது: எலும்புக்கூடு அட்டவணை. தேர்ந்தெடுத்த சில அழுத்த, வெப்பநிலைப் புள்ளிகளுக்கு மட்டும் மதிப்பு, பக்கத்திலேயே எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு. அந்த வரம்புக்குள் நிற்கும் எந்த டேபிளும் செல்லும். 'சர்வதேச அட்டவணை கலோரி' பிறந்ததும் அங்கேதான். இன்றைய மதிப்பு 4.1868 ஜூல்.

கணினி வந்ததும் எண்கள் போதவில்லை, சமன்பாடு தேவைப்பட்டது. 1967-இல் ஐஎஃப்சி-67 என்ற சமன்பாட்டுத் தொகுப்பு வந்தது. 1997-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஏற்கப்பட்ட ஐஎஃப்-97 அதன் இடத்தைப் பிடித்தது. ஒப்பந்தக் கணக்குகளுக்கு 1999 ஜனவரி 1 முதல் அதுதான்.

புதிய டேபிளில் 0 டிகிரி நீரின் என்தால்பி (வெப்ப உள்ளடக்கம்) கிலோவுக்கு −0.04 கிலோஜூல் என்றிருக்கும், அதுவும் பிழையில்லை. பூஜ்யம் 0.01 டிகிரியில், அதாவது பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளியில் வைக்கப்பட்டிருக்கிறது (உண்மையில் அங்கே பூஜ்யமாக்கப்பட்டவை அக ஆற்றல், என்ட்ரோபி என்ற வேறு இரண்டு அளவுகள்).

ஒரே கணக்கில் நுழைவு என்தால்பியை ஒரு டேபிளிலும் வெளியேற்றத்தை இன்னொன்றிலும் எடுக்காதீர்கள். பழைய டர்பைனின் உத்தரவாதம் ஐஎஃப்சி-67-இல் போடப்பட்டிருந்தால் சோதனைக் கணக்கையும் அதிலேயே போடுங்கள். இன்னொன்று, எந்த டேபிளும் தனி அழுத்தத்தில்தான், அதாவது வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அழுத்தத்தில்தான் இருக்கும். கேஜ் (அழுத்தமானி) காற்றழுத்தத்துக்கு மேலுள்ளதை மட்டும் காட்டும்; அது 10 பார் காட்டினால் 11-க்கு நேரே பார்க்க வேண்டும். மறந்தால் 184 டிகிரிக்குப் பதில் 180 என்று எழுதிவிடுவீர்கள்.