லண்டனில் அக்காவின் பழைய வீட்டில் ஹீற்றிங்கையும் சுடுதண்ணீரையும் தனித்தனியாகப் பிரிக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: அக்கா குடும்பம் லண்டனில் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறது. அறைகளைச் சூடாக்கும் ஹீற்றிங்கைப் போட்டால் குழாய்க்கான சுடுதண்ணீரும் சேர்ந்தே ஓடுகிறது. கோடையில் சுடுதண்ணீரை மட்டும் போட்டாலும் மேல்மாடி ரேடியேற்றர்கள் (உள்ளே சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகடுகள்) சுடுகின்றன. வந்து பார்த்தவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கொம்பி பொயிலர் (தண்ணீரைத் தேக்காமல், குழாயைத் திறக்கும்போதே சுடவைப்பது) போடச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

உண்டு. பெரும்பாலும் பொயிலரைத் தொடாமலே பிரிக்கலாம். அங்கே பல வருடம் இந்த வேலைதான் செய்தேன், இப்போது திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். உங்களுக்கு விளங்கவைக்க இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் விடுதிக் கூரைகளில் சோலார் ஹீற்றர் பார்த்திருப்பீர்கள். தாங்கி மேலே, வெயில் வாங்கும் தகடு கீழே. பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகித் தானாக மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும்.

அக்கா வீட்டிலும் அதே சங்கதிதான். கீழே பொயிலர், மேலே குழாய்க்கான சுடுதண்ணீரைத் தேக்கும் செம்புச் சிலிண்டர், இடையில் 28 மில்லிமீற்றர் தடிப்பில் இரண்டு பைப். பொயிலர் எரிந்தால் சிலிண்டர் சூடாகும், மறிக்க அங்கே ஒன்றுமே இல்லை. பம்ப் ரேடியேற்றர்களுக்கு மட்டும். அதனால் ஹீற்றிங்கைத் தனியாகப் போட முடியாது. கோடையில் பம்ப் நின்றிருந்தாலும் சூட்டில் ஒரு பங்கு மேல்மாடி ரேடியேற்றர்களுக்குத் தானாக ஏறிவிடும்.

ஆனால் இதுதான் என்று உறுதிப்படுத்த வேண்டும். ஹீற்றிங்கை நிறுத்தி, சுடுதண்ணீரை மட்டும் போட்டுவிட்டு பம்பில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் சும்மா இருந்தால் நான் சொன்ன பழைய முறை. அது ஓடினால் முழுக்க பம்பில் இயங்கும் வீடு. அப்படியானால் ஏற்கனவே பிரித்துத்தான் இருக்கிறது, தண்ணீரை ரேடியேற்றருக்கோ சிலிண்டருக்கோ திருப்பிவிடும் மூன்று வாய் வால்வு இறுகிப்போயிருக்கலாம். பல வால்வுகளில் மேலே உள்ள மோட்டார்ப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும், தண்ணீரை வடிக்கக்கூடத் தேவையில்லை. இதைக்கூடப் பார்க்காமல் பொயிலரையே மாற்று என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது சரியில்லை.

சரி, பழைய முறைதான் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ‘சி பிளான்’ என்று சொல்லும் மாற்றம் இதற்கென்றே இருக்கிறது. சிலிண்டருக்குப் போகும் தடித்த பைப்பில் மோட்டார் வைத்த இரண்டு வாய் வால்வு ஒன்று. சிலிண்டரின் உடம்பில், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு தெர்மோஸ்ரற், அதாவது வைத்த சூடு வந்ததும் நிறுத்தும் சுவிட்ச். வீட்டுக்குள் இன்னொரு தெர்மோஸ்ரற். தண்ணீர் போதிய சூட்டுக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும், ஹீற்றிங் தன்பாட்டில் ஓடும். இரண்டுக்கும் தேவை இல்லையென்றால் பொயிலர் அணையும். இதற்குக் கூடுதல் சுவிட்ச் உள்ள வால்வு வேண்டும், சாதாரண வால்வு சரிவராது. மேல்மாடி ரேடியேற்றர் பிரச்சினைக்கு ஹீற்றிங் பைப்பில் தண்ணீர் தானாக ஏறாமல் தடுக்கும் சின்ன வால்வு ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

காசு மிச்சத்தைவிட எனக்கு அந்தச் சிலிண்டர் தெர்மோஸ்ரற் முக்கியம். அது இல்லாத வீட்டில் சிலிண்டர்த் தண்ணீர் பொயிலரின் சூட்டுக்கே, 80 பாகை கிட்ட, ஏறிவிடும். பிள்ளைகள் இருக்கும் வீடு, ஊரிலிருந்து அம்மா அப்பா போய் நிற்கும் வீடு. அங்கத்தைய குழாய் பழகாதவர்கள் கையை நீட்டினால் வெந்துவிடும். 60 பாகையில் வையுங்கள். அதற்குக் கீழே இறக்கினால் தேங்கிய தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கிடைக்கும். 60 பாகையும் சுடத்தான் செய்யும், குளியலறைக் குழாயில் கலக்கும் வால்வு போட்டால் இன்னும் நல்லது.

பொயிலர் ஓடும் நேரத்தை வைக்கும் ரைமருக்குள் ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதைத் தள்ளினால் இரண்டும் பிரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். வால்வும் வயரிங்கும் மாறாமல் அதை மட்டும் தள்ளினால், ஹீற்றிங் போடும்போது பம்ப் ஓடும், பொயிலர் எரியாது. குளிர்ந்த தண்ணீர்தான் வீட்டைச் சுற்றும்.

வேலை தொடங்க முன் இன்னும் சில இருக்கின்றன. பொயிலரிலிருந்து லொஃப்டுக்கு (கூரைக்குக் கீழுள்ள பரண்) போகும் திறந்த காற்றுப் பைப்பை வால்வு ஒருபோதும் மறிக்கக் கூடாது, அது பாதுகாப்புக்கான வழி. நிலக்கரியோ விறகோ எரிக்கும் பொயிலர் என்றால் இந்த வால்வே போடக் கூடாது. நெருப்பை உடனே நிறுத்த முடியாதல்லவா, சூடு வெளியேற ஓர் இடம் திறந்திருக்க வேண்டும். லொஃப்டில் பெரிய தாங்கி ஒன்று மட்டும் இருந்து, பக்கத்தில் சின்னத் தாங்கி இல்லையென்றால் சிலிண்டர் ‘பிரைமாற்றிக்’ வகையாக இருக்கலாம். அதில் ரேடியேற்றர்த் தண்ணீரையும் குளிக்கும் தண்ணீரையும் பிரித்து வைப்பது உள்ளே நிற்கும் காற்று மட்டுமே. துருத் தடுப்பு மருந்து ஊற்றினால் குளிக்கும் தண்ணீரில் கலந்துவிடக்கூடும், அதனால் அந்தச் சிலிண்டரை மாற்றிவிட்டு மற்ற வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பொயிலரே ஆயுள் முடிகிற நிலையில் இருந்தால் என் பதில் வேறு. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் வீட்டுக்குப் புதிதாகப் போடும் காஸ் பொயிலர், விதிவிலக்கான இடங்கள் தவிர, புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். எப்படியும் மாற்றப் போகிறோம் என்றால் சி பிளானுக்குக் காசு கொட்டாமல், முழுக்க பம்பில் ஓடும் ‘எஸ் பிளான்’ முறைக்கு ஒரேயடியாகப் போவது நல்லது. அப்போதும் சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம். இரண்டு குளியலறை உள்ள வீட்டில் கொம்பி போட்டால், ஒரே நேரத்தில் இருவர் குளிக்கும்போது தண்ணீர் வரத்து குறைந்துபோகும்.

காஸ் சம்பந்தப்பட்ட எதையும் அத்தானைத் தொட விடாதீர்கள். 'காஸ் சேஃப்' என்ற காஸ் வேலைக்காரர் பதிவேட்டில் பதிவு உள்ளவர்தான் செய்யலாம் என்பது அங்கே சட்டம். வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

அதுவரை கோடையைச் சமாளிக்க, சிலிண்டரில் இமேர்ஷன் ஹீற்றர் (தண்ணீருக்குள் இருந்து சுடவைக்கும் மின்கம்பி) இருந்தால் பொயிலரை நிறுத்திவிட்டு அதைப் பாவிக்கலாம். வழக்கமாக 3 கிலோவாற் இருக்கும், மின்சாரம் காஸை விட நல்ல விலை, நெடுக ஓட விட வேண்டாம். பம்ப் ஓடுகிறதா, லொஃப்டில் எத்தனை தாங்கி, பொயிலர் என்ன மாடல் என்று அக்காவிடம் கேட்டு எழுதுங்கள், எந்த வால்வு எந்த இடத்தில் வர வேண்டும் என்று சொல்கிறேன்.