அரை மணி போதாது

கேள்வி: வெனிஸ் போகிறோம். நகரின் பிரபலமான சான் மார்க்கோ சதுக்கத்துப் பக்கம் கூட்டம் தாங்காது என்கிறார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே 'கெட்டோ' என்ற பழைய யூதர் பகுதி அமைதியாக, படம் எடுக்கத் தோதாக இருக்குமாம். அரை மணி ஒதுக்கினால் போதுமா?

பதில்: போதாது. அரை மணிதான் இருக்கிறதென்றால் அங்கே போகவே வேண்டாம். கூட்டத்தோடு கூட்டமாக சான் மார்க்கோவிலேயே இருந்துவிடுங்கள். அமைதியான இடம் என்று சொன்னவர்கள், அந்த அமைதி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட், யூதர்கள் கால்வாய் சூழ்ந்த இந்தச் சின்னத் தீவில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களைக் காலி செய்யவைத்து, யூதர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாடகை வாங்கினார்கள். சொந்த வீடு வாங்க உரிமை கிடையாது. இருட்டினால் கதவைப் பூட்டுவார்கள். காவலாளிகளின் சம்பளமும் உள்ளே பூட்டப்பட்டவர்கள் தலையில்தான். 1797இல் நெப்போலியன் காலத்தில்தான் அந்தக் கதவுகளைப் பெயர்த்தெறிந்தார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடம். குல்யே பாலத்தைத் தாண்டி கன்னரேஜோ கால்வாயோரம் இடப்பக்கம் திரும்பினால், ஒரு வீட்டுக்கு அடியில் புகுந்து போகிற குறுகலான வழி வரும். விறுவிறுவென்று நுழைந்துவிடாதீர்கள். கதவின் கீல்கள் இருந்த பள்ளங்கள் அந்தக் கல்லில் இன்றும் தெரிகின்றன. விரலை வைத்துப் பார்க்கலாம். சற்று உள்ளே சுவரில் 1704ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று: கிறிஸ்தவராக மதம் மாறிய யூதர் இந்தப் பக்கம் தலைகாட்டினால் சிறை, சாட்டையடி, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை. பெற்ற தாய் வீட்டுப்படி ஏறுவதே குற்றம்! கெட்டோவில் பொறுமையாக நின்று பார்க்கவேண்டியது முதலில் இதைத்தான்.

கெட்டோவின் சதுக்கத்துக்கு வந்ததும் அண்ணாந்து பாருங்கள். ஏழெட்டு மாடி வீடுகள். பழைய வெனிஸில் இந்த உயரம் அபூர்வம். அக்கம்பக்கம் பரவ இடமில்லை. ஆள் பெருகப் பெருக மேலே கட்டிக்கொண்டே போனார்கள். கூரையைத் தாழ்த்தி, ஒரு மாடி உயரத்தில் இரண்டு மாடியைத் திணித்தார்கள். அந்த நெருக்கத்துக்கு நடுவே வரிசையாக ஐந்து பெரிய சன்னல்கள் தெரிந்தால், அது 1528இல் எழுந்த ஜெர்மானிய யூதர்களின் தொழுகைக்கூடம். கோபுரமில்லை, தனி முகப்பில்லை.

பிறகு நாஜிகள் வந்தார்கள். யூத சமூகத்தின் தலைவராக இருந்த மருத்துவர் ஜுசெப்பே ஜோனா, யூதர்களின் பெயர்ப் பட்டியலை அவர்களிடம் கொடுக்க மனமில்லாமல் 1943 செப்டம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படியும் வெனிஸிலிருந்து சுமார் 246 பேரைப் பிடித்து வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இதே சதுக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக் கிழவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. கண்பார்வை மங்கிய தலைமை ரப்பி (யூத மதகுரு) அடோல்ஃபோ ஒட்டோலெங்கியும் 1944 ஆகஸ்டில் கொண்டுபோகப்பட்டார். திரும்பி வந்தவர்கள் 8 பேர்.

அரை நாள் ஒதுக்குங்கள். சனிக்கிழமை வேண்டாம், யூதர்களின் ஓய்வுநாள், இங்குள்ள யூத அருங்காட்சியகம் மூடியிருக்கும். தொழுகைக்கூடங்களின் உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும். சதுக்கத்தில் தாராளமாகப் படம் எடுங்கள். வழிபட வருகிறவர்கள் முகத்துக்கு நேரே மட்டும் கேமராவை நீட்டாதீர்கள்.