வெண்டை இலையடியில் தத்தும் பச்சைப் பூச்சி: படத்தை வைத்து இனம் சொல்ல முடியுமா?

கேள்வி பெங்களூரு மாடித்தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. 3 மி.மீ. நீளம், வெளிர்பச்சை, தொட்டால் தத்துகிறது. இவ்வளவை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. இங்கே நர்சரியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ஜிகிஹுளு" (கன்னடத்தில் தத்துப்பூச்சி) என்றுதான் பதில் வரும்.

நிறத்தை விடுங்கள், முதலில் பின்னங்காலைப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும். கணைக்கால் நெடுக சீப்புப் பல் மாதிரி முள் வரிசைகள் இருந்தால் இலைத் தத்துப்பூச்சி. அதற்குப் பதில் கணைக்கால் நுனியில் அசையும் பெரிய முள் ஒன்று இருந்தால் புகையான் வகை.

அடுத்து தலையும் சிறகும். வெண்டையிலும் பருத்தியிலும் வழக்கமாகக் கிடைப்பது அம்ராஸ்கா பைகட்டுலா என்ற இலைத் தத்துப்பூச்சி. உச்சந்தலையில் இரண்டு கரும்புள்ளி, ஒவ்வொரு முன்சிறகிலும் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு கரும்புள்ளி. 'பைகட்டுலா' என்றாலே இரண்டு சிறு துளி என்று பொருள். ஆனால் புதிதாகத் தோலுரித்த பூச்சியில் புள்ளி மங்கலாக இருக்கும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல் பத்துப் பதினைந்தாவது பாருங்கள். குஞ்சுகளுக்குச் சிறகு முளை மட்டும்தான், அங்கே புள்ளியைத் தேடிப் பயனில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும், அதுதான் அடையாளம்.

பக்கத்துத் தொட்டிக் கத்தரியில் பழுப்பாக ஒன்று இருந்து, சிறகை மூடும்போது முதுகில் வட்டமாகப் பழுப்புத் திட்டு தெரிந்தால் அது ஹிஷிமோனஸ் பைசைட்டிஸ் என்ற வேறொரு இலைத் தத்துப்பூச்சியாக இருக்கலாம். கத்தரிச் சிற்றிலை நோயைப் பரப்புவது அதுதான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புள்ளியே இல்லாத பச்சைப் பூச்சி என்றால்தான் சிக்கல். எம்போவாஸ்கா பேரினத்தில் உள்ளவை உட்பட ஒன்றைப் போலவே இருக்கும் இனங்கள் ஏராளம், படத்தில் பிரிக்க முடியாது. ஆண் பூச்சி வேண்டும். வயிற்றின் அடியில் நீண்ட முட்டையிடும் உறுப்பு தெரிந்தால் பெண், அதைப் பெரும்பாலும் இனம் வரை கொண்டுபோக முடியாது. ஆணின் வயிற்றைப் பிரித்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, தண்ணீரில் அலசி, கிளிசரின் துளியில் வைத்து இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஊறினால் உறுப்பு கண்ணாடியாகிவிடும், விளிம்பே தெரியாது. கரைசல் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

பூச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், பச்சை வெளுத்துவிடும். விவரம் எழுதும்போது இப்படி எழுதுங்கள்: "தலையிலிருந்து மூடிய சிறகு நுனி வரை 2.8 மி.மீ.; உச்சந்தலையில் 2 கரும்புள்ளி; முன்சிறகில் தலா 1; ஆண்; வெண்டை, இலையடி; தேதி, இடம்." "அழகான பச்சை" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. செடியின் பெயரை மறந்தால் பாதித் தகவல் போயிற்று.

மாதிரியைக் காட்ட இங்கேயே இடம் இருக்கிறது. பெங்களூரு ஜி.கே.வி.கே. (காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரா) வளாகத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். இந்தியத் தத்துப்பூச்சி வகைப்பாட்டில் பெரிய பெயரான சி. ஏ. விரக்தமட் பணியாற்றிய இடம் அது.