தொந்தரவு கொடுங்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. மகளோடு தொடர்மாடியில் இருக்கிறேன். யாருக்கும் தொந்தரவில்லாமல், பெரியவர் என்ற மதிப்போடு முதுமையைக் கழிக்க என்ன வழி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தொந்தரவில்லாமல் ஏன் இருக்கவேண்டும் அம்மா? முழங்கால் வலியைச் சொன்னால் தொந்தரவு, கண் மங்குவதைச் சொன்னால் தொந்தரவு என்று வாயை மூடிக்கொண்டவர்கள் பலர். கடைசியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரியவருகிறது.

கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஓடும் பஸ்களின் படியைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். மறுபடியும் எழுதுகிறேன். முதற்படியே முழங்கால் உயரம். ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் 'றைட்' சத்தம் வந்துவிடுகிறது. மற்றவர்களைத் தாமதப்படுத்தக்கூடாதென்று ஓட்டோ பிடிக்கிறார்கள் நம் பெரியவர்கள். காசில்லாதவர்கள் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். மெதுவாக ஏறுங்கள். பஸ் நிற்கட்டும்.

இலங்கையின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக்கூடாது என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். மகளை அங்கே இழுக்கச் சொல்லவில்லை. சட்டமே கடமை என்று எழுதி வைத்திருப்பதை நீங்கள் ஏன் தொந்தரவு என்கிறீர்கள்?

அப்புறம், மதிப்பு என்றீர்களே. ஒருவர் இறந்த 31ஆம் நாளில் வெளியிடும் நினைவுப் புத்தகங்களான இந்தக் கல்வெட்டுகளைப் பாருங்கள். பளபளக்கும் தாளில் படம், தேவாரம், வம்ச வரிசை, 'அன்னார் அன்பும் பண்பும் நிறைந்தவர்' என்று ஒரு வரி. எல்லாக் கல்வெட்டிலும் அதே வரி! அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்டதைக் கேட்டு எழுதினார்களா? இதைக் கேட்டதால் சில அச்சகக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. இருந்தும் கேட்பேன்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, நீங்கள் இருபதுகளில் இருந்திருப்பீர்கள். அப்போது கொழும்பில் இருந்தீர்களா? யார் வீட்டில் ஒளிந்தீர்கள், எந்த அயலவர் கதவைத் திறந்தார், யார் சாத்தினார்? அகதிகளாக வடக்கே காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனவர்களில் உங்கள் சொந்தக்காரர் உண்டா? இவை எந்தக் கல்வெட்டிலும் வரப்போவதில்லை. இன்றிரவே சாப்பாட்டு மேசையில் பேரப்பிள்ளைகளின் கைபேசியை வாங்கி ஒருபக்கம் வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்குங்கள். மகள் முகம் சுளித்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவருக்குப் பதில் சொல்கிறேன்.