நீல இன்ஹேலர் முன்போல் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: எனக்கு 34 வயது, ஆஸ்துமா இருக்கிறது. மூச்சு இறுகும்போது நீல நிற சால்புடமால் இன்ஹேலர் மட்டும் எடுப்பேன். முன்பு 2 பஃப் போதும். இப்போது தினமும் ஏழெட்டு பஃப் எடுத்தும் நிம்மதியில்லை. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா?

பதில்: ஓரளவுக்குப் பழகித்தான் விட்டது. மூச்சுக்குழாய்த் தசைச் செல்களின் சவ்வில், மருந்தின் சேதியை வாங்கும் பீட்டா-2 ஏற்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏழு சுருள்களாகச் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒரே புரத இழை. சால்புடமால் வெளிப்பக்கக் குழியில் போய் அமர்ந்ததும், உள்பக்கத்தில் ஆறாவது சுருள் விலகி, சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதத்துக்கு இடம் விடும். செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சேதி மூலக்கூறு கூடி, தசை தளரும். ஜி-புரதத்தோடு சேர்ந்த நிலையில் இந்த ஏற்பியின் வடிவத்தை அமெரிக்க விஞ்ஞானி பிரையன் கோபில்காவின் குழு 2011-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஓயாமல் தூண்டினால் செல் சும்மா இருக்காது. ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட்டை ஏற்றும். அங்கே பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி ஜி-புரதத்தை மறிக்கும். அப்புறம் ஏற்பியையே செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சில மீண்டும் மேலே வரும். மருந்து நாள்தோறும் பட்டுக்கொண்டே இருந்தால் பல சிதைக்கப்பட்டு, எண்ணிக்கையே குறையும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியை சால்புடமால் தொடுவதே இல்லை. 200 பஃப் டப்பா ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இழுப்புக்கான ஆபத்து கூடும். பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடும். உங்கள் கணக்கு மாதம் ஒன்றுக்கு மேல் வருகிறது. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, சால்புடமாலை மட்டும் நம்பும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை.

இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்குத் தேவை ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான், நேரே நுரையீரலுக்குப் போகிறது. அழற்சியை அடக்குவதோடு, பீட்டா-2 ஏற்பிகளைப் புதிதாக உருவாக்கவும் அது செல்லைத் தூண்டும். எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இன்ஹேலரை இழுக்கும் முறை சரிதானா என்றும் அவரிடம் செய்து காட்டுங்கள்.

அதுவரை நீல இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு திணறினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.