பன்னாட்டுச் சங்கம்: கேட்டதும் சொன்னதும்

முதல் உலகப் போருக்குப் பிறகு அமைதி காக்க ஜெனீவாவில் அமைந்த பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: 'சங்கம் செய்தது', 'சங்கம் கைவிட்டது' என்று எழுதும்போதெல்லாம், அங்கே எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்: சங்கம் எப்போது தொடங்கியது?
1920 ஜனவரி 10, தோற்ற ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அதே நாள். சங்கத்தின் சாசனமே அந்த உடன்படிக்கையின் முதல் பகுதிதான். அதனால் ஜெர்மானியர்களுக்கு இது வென்றவர்களின் சங்கமாகவே பட்டது. 1926 வரை அவர்களுக்கு அதில் இடமும் இல்லை.

கல்லூரி மாணவர்: அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பாடுபட்டு உருவாக்கியும் அமெரிக்கா ஏன் சேரவில்லை?
சேர வேண்டுமானால் வெர்சாய் உடன்படிக்கையை அமெரிக்க செனட் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஏற்க வேண்டும். 1920 மார்ச்சில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு வாக்கு குறைந்தது. அன்று வாக்கெடுப்புக்கு வந்தது எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் லாட்ஜ் கேட்ட நிபந்தனைகளோடு கூடிய வடிவம். அதை வில்சன் ஏற்கவில்லை. எதிர்த்து வாக்களிக்கும்படி தன் கட்சிக்காரர்களிடமே சொன்னார். பழியை லாட்ஜ் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

மதுரை ஆசிரியை: சொந்தப் படை இல்லாத சங்கம் ஒரு சண்டையையாவது நிறுத்தியிருக்கிறதா?
நிறுத்தியிருக்கிறது. 1925 அக்டோபரில் கிரீஸ்–பல்கேரியா எல்லையில் துப்பாக்கிச் சூடு. கிரேக்கச் சிப்பாய் ஒருவர் இறந்தார். வெள்ளைக் கொடியோடு போன அதிகாரியும் சுடப்பட்டார். கிரேக்கப் படை எல்லை தாண்டி பல்கேரியாவின் பெட்ரிச் நகரை நோக்கி வந்துவிட்டது. பல்கேரியா ஜெனீவாவுக்குத் தந்தி அடித்தது. அதோடு பெட்ரிச்சில் இருந்த தன் படைக்கு ஓர் உத்தரவும் அனுப்பியது: விவகாரம் சங்கத்தின் கவுன்சில் (முடிவெடுக்கும் சிறிய குழு) முன்னால் இருக்கிறது, ஆகவே லேசாக மட்டும் எதிர்த்து நில்லுங்கள், வீணாக ஆட்களை இழக்காதீர்கள். ஊருக்குள் எதிரிப்படை வரும்போது ஒரு ராணுவ அமைச்சகம் இப்படி எழுதியதே பெரிய விஷயம்.

அப்போது கவுன்சில் தலைவராக இருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியான் உடனே இரு தரப்புக்கும் தந்தி கொடுத்தார். பாரிஸில் கூடிய கவுன்சில், 24 மணி நேரத்தில் பின்வாங்க உத்தரவிட வேண்டும், 60 மணி நேரத்தில் படை வெளியேற வேண்டும் என்றது. நேரில் பார்க்க பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி அதிகாரிகள் போனார்கள். கிரீஸ் விலகியது, 45,000 பவுண்டு நஷ்டஈடும் கொடுத்தது.

இன்னொருவர்: ஓடிப்போன நாயைத் துரத்தியதால்தானே அந்தச் சண்டை?
நாயை விடுங்கள். மேலே சொன்னதில் அதனால் எதுவும் மாறாது.

சென்னை வாசகர்: 1923இல் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு இந்தச் சங்கம் என்ன செய்தது? அதைச் சொல்லாமல் 1925ஐ மட்டும் சொல்வது சரியா?
சரியில்லை. கேட்டது நல்லதாயிற்று. கிரீஸ்–அல்பேனியா எல்லையை வரையறுக்கப் போன இத்தாலிய ஜெனரல் டெல்லினி 1923 ஆகஸ்ட் 27 அன்று கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்றே தெரியாத நிலையில் முசோலினி 5 கோடி லிரா கேட்டார். 31ஆம் தேதி இத்தாலியக் கடற்படை கோர்ஃபு தீவின் கோட்டை மேல் குண்டு போட்டது. சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) உயிர் தப்பி வந்த அகதிகள் தங்கியிருந்த கோட்டை அது. குழந்தைகளும் இறந்தார்கள். கிரீஸ் சங்கத்திடம் போனது. கவுன்சிலின் நிரந்தர உறுப்பினரான இத்தாலி, இது சங்கத்தின் வேலையே இல்லை என்றது. முடிவு பாரிஸில் இருந்த, போரில் வென்ற நாடுகளின் தூதர்கள் மாநாட்டின் கைக்குப் போனது. குண்டு வாங்கிய கிரீஸே 5 கோடி லிராவையும் கட்டியது.

மதுரை ஆசிரியை, மறுபடி: அப்படியானால் 1925 வெற்றியே இல்லையே!
இல்லை அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது. பெட்ரிச் மக்கள் பிழைத்தார்கள். கோர்ஃபுவில் நடந்த அநியாயத்துக்காக அதைக் கழிக்க முடியாது.

சென்னை வாசகர், மறுபடி: பெரிய நாடுகளின் பொம்மை என்று ஒப்புக்கொள்ளுங்களேன்.
மாட்டேன். பொம்மை என்றால் அங்கே கேள்வி கேட்கவே ஆள் இருந்திருக்காது. கோர்ஃபு விவகாரத்தில் சிறிய நாடுகள் பகிரங்கமாகக் கொதித்தன. பின்லாந்தும் ஸ்வீடனும் உரிமை கோரிய ஓலந்து தீவுகள் பின்லாந்துக்கு என்று 1921இல் சங்கம் முடிவு செய்தது. ஸ்வீடனுக்கு வருத்தம்தான், ஆனாலும் ஏற்றது. தீவுகளின் தன்னாட்சி இன்றும் நிற்கிறது. படை பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் நிர்வாகத்தில் இருந்த, ஜெர்மனி–பிரான்ஸ் எல்லையிலுள்ள சார் பகுதி யாரோடு சேர்வது என்று 1935 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தபோது பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து சேர்ந்து சுமார் 3,300 சிப்பாய்களைச் சங்கத்தின் பெயரில் அனுப்பின. நாடுகள் கொடுத்தபோது படை இருந்தது. எந்த நாடு கொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று பாருங்கள். திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்கிறேன்.

தேர்வுக்குப் படிக்கும் வேறொருவர்: சங்கம் தொடங்கிய ஆண்டு?
முதல் பதிலைப் பாருங்கள்.

சேலம் வாசகர்: தமிழர் யாராவது அங்கே போனார்களா?
போனார்கள். விடுதலைக்கு முன்பே இந்தியா உறுப்பு நாடு. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1921இல் பிரதிநிதியாகப் போனார். ஆனால் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கம், மக்கள் இல்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபையை எப்படிச் சீர்திருத்துவது?
என் துறை இல்லை. சர்வதேசச் சட்டம் படித்தவர்களைக் கேளுங்கள்.

இதே கேள்வியைப் பலர்: சங்கம் ஏன் இரண்டாம் உலகப் போரைத் தடுக்கவில்லை?
மறுபடியும் 'சங்கம்'! அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) எடுத்துக்கொள்ளுங்கள். 1935 அக்டோபரில் இத்தாலி படையெடுத்தது. பொருளாதாரத் தடையும் வந்தது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய்க்குத் தடை இல்லை. சூயஸ் கால்வாய் திறந்தே இருந்தது, இத்தாலியக் கப்பல்கள் அதன் வழியே படைகளைக் கொண்டுபோயின. டிசம்பரில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்ஸின் பிரதமர் லவாலும் அபிசீனியாவின் பெரும் பகுதியை முசோலினிக்கே கொடுக்க ரகசியத் திட்டம் போட்டார்கள். அது பத்திரிகையில் கசிந்தது, ஹோர் பதவி விலகினார். 1936 ஜூன் 30 அன்று அபிசீனியப் பேரரசர் ஹெய்லி செலாசி தாமே ஜெனீவா வந்து, தன் மக்கள் மேல் விமானத்திலிருந்து நச்சுவாயு தெளித்ததைச் சொன்னார். இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசில் அடித்தார்கள். அடுத்த மாதமே தடையை நீக்கிவிட்டார்கள். இதில் சாசனத்தின் எந்த வரி குறை? கால்வாயும் எண்ணெயும் யார் கையில் இருந்தன என்று கேளுங்கள்.

கடைசியாக: எப்போது கலைந்தது?
1946 ஏப்ரல். ஜெனீவா கட்டடமும் நூலகமும் ஐ.நா.வுக்குப் போயின.